திடலில் விரித்த கூறை

தரையில் சிவப்பு விரித்திருந்தால் விமானம் இறங்கக் கூடாது, எல்லா நாடுகளும் கூடி எழுதிய விதி இது என்று, விமான நிலையத்தில் வேலை பார்க்கும் என் மகன் ஒருநாள் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாடத்தை நான் ஜப்பான்காரன் காலத்திலேயே அறை வாங்கிப் படித்தவள்.

அப்போது மலாயாவில் பத்து பாகாட் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். துணிக்கு அப்படியொரு பஞ்சம். கோணிப்பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவோம். கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சிவப்புக் கூறைப்புடவை. எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும் பெண்ணுக்கு அதுதான். கட்டியவள் துவைத்து அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த அடுத்தவள் நான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. புடவையில் யாரோ சிந்திய எண்ணெய்க் கறை. எனக்குப் பொறுக்குமா? மறுபடி துவைத்து, தோட்டத்தை ஒட்டிய ஏரோப்ளேன் திடலின் புல்லில் நீளமாக விரித்தேன். நல்ல வெயில் அங்கேதான். இறங்க வந்த விமானம் ஒன்று சட்டென்று மேலே ஏறி, சுற்றிச் சுற்றி வந்தது. திடல் அதிகாரி ஓடிவந்து என்னை ஓங்கி அறைந்தார். புடவை அவர் கைக்குப் போய்விட்டது.

கங்காணிதான் விளக்கினார். "செவப்பு விரிச்சா எறங்காதேன்னு அர்த்தமாம். புடவை இனி திடலுக்குத்தானாம். உசுரோட விட்டாங்களே, பேசாம போ தாயி."

மஞ்சளில் நனைத்த பழைய வேட்டியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. தாலி ஏறும்போது அழுதேன். புடவைக்காகத்தான்.

பிறகு என் வீட்டுக்காரரைத் திடலில் குழி அடைக்கும் வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள். வேலை நடக்கும்போதெல்லாம் என் கூறையை ஓடுபாதையின் முனையில் விரித்து, மூலைக்கொரு கல் வைப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். "அந்தப் புடவையக் கேட்டுத்தான் பாருங்களேன்" என்று தினமும் அவரை நச்சரிப்பேன்.

ஒருநாள் மதியம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். நடு ஓடுபாதையில் அவரும் பத்துப் பேரும் குனிந்து கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உருளை வண்டியின் இரைச்சலில் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. கடல் பக்கமிருந்து ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. நான் கத்தினேன். சிவப்பைப் பார்த்திருக்க வேண்டும், மூக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலே போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சிரித்தபடி கேட்டார். "நாளைக்கு ஒம் புடவையக் கேட்டுப் பாக்கவா?"

"வேணாங்க. அது அங்கயே கெடக்கட்டும்" என்றேன்.