குருசுக்குப்பம் சுவரில் அஞ்சலையின் முகம்

ஏணியில் ஒருவர்

காலையில் சைட்டுக்குப் போனபோது பெயின்ட்டர்கள் கீழே கும்பலாக நின்றிருந்தார்கள். சாரத்தின் ஏணியில் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு, யாரையும் மேலே ஏற விடவில்லை.

“நீதான் மேடமா? செவுத்துல இருக்கிறது யாருன்னு பாத்துச் சொல்லு.”

அண்ணாந்து பார்த்தேன். மீன் விற்கும் பெண்ணின் ஓவியம், இரண்டு ஆள் உயரம். தலையில் கூடை, வெறுங்கால், எங்கோ வெறிக்கும் சோகக் கண்கள். மறுபடி ஏணியைப் பார்த்தேன். அதே மூக்குத்தி, அதே தாடை.

“நீங்கதான்.”

“யாரக் கேட்டு வரைஞ்சீங்க?”



நான் டிப்ளமோ சிவில் படித்தவள். புதுச்சேரியில் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசர். குருசுக்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கிடங்கு ஒன்றைச் சரிசெய்து, அதன் தெருப்பக்கச் சுவரில் ஓவியம் வரைவதாக ஏற்பாடு. கிடங்கு உரிமையாளர், நகராட்சி என்று எல்லா அனுமதியும் வாங்கியாகிவிட்டது. ஓவியர் கௌதம் கோயம்புத்தூர்க்காரர். கடற்கரையில் மீன் விற்பவர்களைத் தூரத்திலிருந்து படம் எடுத்திருந்தார். அதில் ஒரு முகம்தான் சுவருக்கு வந்தது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர், ஏணியில் இருந்த அஞ்சலை.

எங்கள் இன்ஜினியருக்கு போன் போட்டேன். “மூஞ்ச மட்டும் மாத்தி வரையச் சொல்லுங்கம்மா. அடுத்த வாரம் திறப்பு,” என்றார்.

“மூஞ்சிதான் மேடம் படமே. அத மாத்துனா நான் கெளம்பிடுவேன்,” என்றார் கௌதம்.

டீக்கடை

ஏணியில் இருப்பவரிடம் கீழே நின்று பேசினால் சண்டையாகத்தான் முடியும். எதிர்க் கடைக்கு டீ குடிக்கக் கூப்பிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தார். கௌதமும் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அழிச்சிடணுமா?” என்று கேட்டேன்.

அஞ்சலை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு. என் வூட்டுக்காரரே பாத்துட்டு அசந்துட்டாரு. ஆனா அது நானில்ல.”

“இன்னா குறை?”

“கூடை. கழுத்து நரம்பெல்லாம் போயி, இனிமே தூக்கவே கூடாதுன்னுதான் லோன் போட்டு ஸ்கூட்டி வாங்குனேன். பின்னாடி ஐஸ் பொட்டி கட்டிக்கினு உழவர்கரை வரைக்கும் போயி வித்துட்டு வர்றேன். நீங்க ஊரே பாக்கிற செவுத்துல திரும்பவும் என் தலையில கூடைய ஏத்திட்டீங்க. செருப்பு கூட இல்ல. அழுற மாதிரி வேற நிக்கிறேன்.”

கௌதம் மெதுவாகச் சொன்னார். “இது பழைய கட்டடம்க்கா. ஆர்ச், தூணெல்லாம் இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஸ்கூட்டி வந்தா பொருந்தாதுங்க.”

“தெனம் அந்த ஆர்ச்சு ஓரமாத்தான் தம்பி வண்டிய நிறுத்துறேன். இதுவரைக்கும் பொருந்தலன்னு யாரும் சொல்லல.”

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். கௌதமுக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு அவரும் சிரித்தார். “நாளைக்கு வண்டியோட வருவீங்களா? எதிர்ல உக்காந்து வரையணும்,” என்றார்.

என் நெற்றி, பார்த்து

முடிவு எடுப்பது சுலபம். வேலைதான் சிரமம். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் தோல் தோலாக உரிந்துவிடும். அதனால் பூச்சோடு ஊறிப் பிடிக்கும் மெல்லிய பெயின்ட் போட்டிருந்தோம். அதைத் துடைத்து எடுக்க முடியாது. மேலே இன்னொரு கோட் அடித்தாலும் கூடையின் கறுப்பு நிழலாகத் தெரியும். அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி.

இன்ஜினியரிடம் சொன்னேன். “திறப்பு?” என்றார்.

“தள்ளி வைங்க சார். பூச்சு காயாம பெயின்ட் நிக்காது. இந்தம்மா ஒத்துக்காம படமும் நிக்காது.”

முனகினார். ஆனால் தள்ளி வைத்தார்.

மேஸ்திரி உளியால் கொத்த ஆரம்பித்தார். ஒரு தட்டு பிசகினால் முகத்தில் விரிசல் ஓடும். கீழே ஸ்கூட்டியில் சாய்ந்து நின்ற அஞ்சலை, “மேஸ்திரி, என் நெத்தி, பாத்து!” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். நெற்றி தப்பியது. புதுப் பூச்சின் மேல் ஈரச் சாக்கு கட்டி, அவசரப்படாமல் காய விட்டோம்.

ஹெல்மெட் விஷயத்தில் இன்னொரு வாக்குவாதம். போட்டால் முகம் தெரியாது. போடாவிட்டால் போலீஸ் பார்த்துப் பிடிக்கும் என்றார் அஞ்சலை. கடைசியில் கௌதம் அதை ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டி வரைந்தார். காலுக்குச் செருப்பு போட்டார், கண்களையும் திருத்தினார். இப்போது அவை எதிரே வருகிறவரை நேராகப் பார்க்கின்றன, என்ன விலைக்குக் கேட்பீர்கள் என்பதுபோல.

உப்பளம்

அடுத்து புதுச்சேரியிலேயே உப்பளம் பகுதியில் ஒரு சுவர் கிடைத்தது. இந்த முறை சாரம் கட்டும் முன்பே நானும் கௌதமும் அந்தத் தெருவில் போய் உட்கார்ந்தோம். தெருக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். படகு, பூ, ஃபுட்பால். பல சாயங்காலம் பேசிவிட்டு ஒரு முடிவோடு வந்தார்கள். படமே வேண்டாம். விரிசலை அடைத்து, பழைய மஞ்சள் நிறத்தையே நன்றாக அடித்துக் கொடுத்தால் போதும்.

கௌதம் என்னைப் பார்த்தார். பிறகு அவரே ஒரு பிரஷ்ஷை எடுத்து மஞ்சள் சுண்ணாம்பு வாளியில் முக்கினார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கலவை விகிதம் கேட்கிறார்கள், சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் சுவரில் என்ன வேண்டும் என்று கேட்டு வர அவர்களை எதிர்வீட்டுக்கு அனுப்புகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் அந்தச் சுவரில் கண் விழிக்கப்போகிறவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தானே.