டாக்டர் வாயில் வைக்காத கறி

டாக்டர் ஆர்கடி பாவ்லோவிச் மீது கம்ஷாத்துக்கு அப்படியொரு மரியாதை. எட்டு வருஷமாக, குளிர் தொடங்கும் முன்பு அவருடைய ஜீப் கராபுலாக் கிராமத்துக்கு வந்துவிடும். தங்குவது அவள் வீட்டில்தான். ஊசியும் கண்ணாடிக் குழாயும் தடித்த நோட்டும் கூட வரும். ஊரார் ரத்தமெல்லாம் நகரத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு மாத்திரைகூடத் திரும்பி வந்ததில்லை. அதை யாரும் கேட்டதுமில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ராணுவம் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. அமெரிக்காக்காரன் அங்கே ஒன்று வெடித்தால் மாஸ்கோக்காரன் இங்கே இரண்டு வெடித்தாக வேண்டும். இந்த இரண்டு பேரின் வீம்புக்கு, இருவரையும் கண்ணால்கூடப் பார்க்காத ஆட்டுக்காரர்கள் பள்ளத்தில் குப்புறப் படுத்தார்கள். கம்ஷாத்தின் கணவன் பெய்சென் மட்டும் மந்தையை விட்டு வர மனமில்லாமல் மேட்டிலேயே நின்றான். இரண்டு வருஷத்தில் ஈறெல்லாம் ரத்தம் கசிந்து செத்தான். டாக்டர் காசநோய் என்று எழுதிக்கொண்டார்.

இப்போது பதினாறு வயது மகள் உல்ஜானுக்கும் ஈறில் ரத்தம். இந்தத் தடவை எப்படியாவது டாக்டர் காலில் விழுந்து, அவளை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். அதற்காகவே கம்ஷாத் கொழுத்த ஆடாகப் பார்த்து அடித்தாள். வெந்த தலையைத் தட்டில் வைத்து, அதன் முகம் விருந்தாளியைப் பார்க்கும்படி திருப்பினாள். அதற்கு மேல் ஒரு மரியாதை அந்த ஊரில் கிடையாது.

டாக்டர் வழக்கம்போலக் கத்தியால் தலையைத் தொட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார். வயிற்றுப் புண்ணாம். தான் கொண்டுவந்த மீன் டப்பாவைத் திறந்தார். தண்ணீரும் அவருடைய கேனிலிருந்துதான்.

"எட்டு வருஷமா ஆறாத புண்ணும்மா. இவரு டாக்டராம்!" என்று உல்ஜான் அம்மாவின் காதில் சிரித்தாள்.

"சும்மா இருடி. பாவம், நோயாளி மனுஷன்."

புதிதாக வந்திருந்த டிரைவர் பருத்த ஆள், நல்ல பசி. வாசனை தாங்காமல் கறித் துண்டுக்குக் கை நீட்டினான். டாக்டர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதே!"

அவளிடம் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிற டாக்டர் டிரைவரிடம் சொன்னது ரஷ்ய மொழியில். அந்த அளவுக்கு அது கம்ஷாத்துக்கும் தெரியும்.

"ஏன் டாக்டர், அவருக்கும் வயித்துப் புண்ணா?"

"அவனுக்குப் பழக்கம் இல்லம்மா."

"எங்க கறி சுத்தம், பால் சுத்தம்னு போன வருஷம் கூட்டம் போட்டுச் சொன்னீங்களே. ஒரு வாய் தின்னுங்க. தின்னுட்டு எம்பொண்ணு ரத்தத்த எடுத்துக்குங்க. ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

டாக்டர் மீன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, திங்க வேணாம். இவளையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அதுக்கு எனக்கு உத்தரவு இல்ல. பாத்து எழுதச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்."

"எம்புருஷன் செத்தப்பவும் பாத்துதான் எழுதினீங்களா?"

நோய் இன்னதென்று தெரிந்துகொண்டே, அது ஆளை எப்படித் தின்கிறது என்று வருஷா வருஷம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் பாவி! அவனுக்கு நடுவீட்டில் மெத்தை போட்டோமே என்று அவளுக்குக் குமட்டியது. விருந்தாளி முன்னாலிருந்து ஆட்டுத் தலையை எடுத்தாள். அந்த ஊரில் எவளும் செய்யத் துணியாத அவமரியாதை அது.

"எந்திரிங்க. இனிமே இந்த வீட்டு வாசல மிதிக்காதீங்க."

கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பத்திரமாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு டாக்டர் போனார். ஜீப்பின் புழுதி அடங்கும்வரை கம்ஷாத் வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது உல்ஜான் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குதும்மா. இதத் திங்கலாமா?"

வீட்டில் இருந்தது அந்தக் கறிதான். கொல்லையில் நின்றதும் அந்த மேட்டில் மேய்ந்த அதே மந்தைதான். கம்ஷாத் நல்ல துண்டாகப் பார்த்து அறுத்து மகள் கையில் கொடுத்தாள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.