மூன்று மூட்டை எடைக்கு நேரான வண்டி

அந்தத் தெருவில் நூல்காரர் எங்கே என்று கேட்டால் துணிக்கடையைக் காட்ட மாட்டார்கள். சக்கர அலைன்மென்ட் பார்க்கும் மெக்கானிக்கின் பட்டறையைத்தான் காட்டுவார்கள். பட்டறையில் கம்ப்யூட்டர் மெஷின் இருக்கத்தான் செய்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் அதுதான். சொந்த வண்டிக்கு மட்டும் இரண்டு பக்கமும் நூல் கட்டி, குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி அளந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

வண்டி என்னவோ சாதாரண வீட்டுக் கார். வாரநாளில் அதை ஓட்டிக்கொண்டு அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் அதை ரேஸ் டிராக்கில் விரட்டுவார். அந்த ஒரு நாளுக்காக முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து, முன்பக்கத்தை ஒரு மயிரிழை வெளியே திருப்பி வைத்திருந்தார். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். ஆள் உட்கார்ந்தால் ஒரு பக்கம் அமுங்குமே என்று, டிரைவர் சீட்டில் தன் எடைக்கு மணல் மூட்டை வைத்துத்தான் அளப்பார். கல்யாணமான புதிதில் இரண்டு மூட்டை போதும். இப்போது மூன்று. மூன்றாவதைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

"ஏங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. நேர் ரோட்டுல கூட அலையுது" என்பாள் மனைவி.

"நூல் பொய் சொல்லாதும்மா. நீ பிடிக்கிற பிடி அப்படி."

எப்போது கேட்டாலும் இதே பதில். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். வண்டி சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"கடையை பைபாஸுக்கு அந்தப் பக்கம் மாத்துறாங்க. அந்த ரோட்டுல இதை நான் ஓட்ட மாட்டேன். லாரி பக்கத்துல வந்தா உயிர் போயிட்டு வருது. வித்துட்டு வேற வாங்கலாம்."

"நான் அளந்தது தப்பா?"

"சரியாத்தான் இருக்கும். எங்க கடையில ஒருத்தர் புதுக் கண்ணாடி போட்டா தலை சுத்துதுன்னு வந்தா, மெஷின்ல நம்பர் சரி, உங்க தலைதான் கோணல்னா சொல்லுவேன்? திரும்ப உட்கார வச்சுப் பார்ப்பேன்."

அவர் பட்டறைக்குப் போய் மூட்டைகளை இறக்கினார். பிறகு அவளைக் கூப்பிட்டு சீட்டில் உட்காரச் சொன்னார். மூன்று மூட்டை இருந்த இடத்தில் அவள் ஒன்றரை மூட்டைகூடத் தேறமாட்டாள். அளந்து பார்த்தார். அவள் பக்கத்துச் சக்கரத்தின் சாய்வு குறைந்து, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்தவர் படுத்தபடியே இருந்தார்.

"என்ன, தூங்கிட்டீங்களா?"

"இழுக்குதும்மா. நீ சொன்னது நிஜம்தான். இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் நேரா வச்சிருக்கேன்."

அவள் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாள். அடியில் தலை இடித்த சத்தம் கேட்டது.

அவளை உட்கார வைத்தபடியே சாய்வைக் குறைத்தார், சக்கரங்களை நேராகத் திருப்பினார்.

"அப்போ உங்க ஞாயித்துக்கிழமை?"

"வளைவுல கொஞ்சம் மல்லுக்கட்டும். கட்டட்டும்."

ஓட்டிப் பார்க்க அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவள், பைபாஸுக்குப் போனதும் வண்டியை ஓரம் கட்டினாள். "அளக்கும்போது நான் மட்டும்தானே இருந்தேன்? இறங்குங்க."

இறங்கி நின்றார். வண்டி லாரிகளுக்கு நடுவே போய் மறைந்தது. டிராக்கில் எந்த வளைவிலும் அவருக்கு நாக்கு இப்படி வறண்டதில்லை. ஒருவழியாகத் திரும்பி வந்து பக்கத்தில் நின்றது.

"திங்கக்கிழமை இதுலயே போறேன்" என்றாள். "ஏறுங்க."

கதவில் கை வைத்தார். வண்டி ஓரடி முன்னால் நகர்ந்தது. மறுபடி வைத்தார்; மறுபடி நகர்ந்தது. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓட, உள்ளே அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.