கரண்ட் வேண்டாத ஹீட்டர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். அவர் பக்கத்தில், என் கடைசிச் சம்பளக் கணக்கோடு அக்கவுண்டன்ட். கதவருகே, என் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்தபடி, கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. நாலாவது ஆள் நான், உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

"சொந்தமா என்னப்பா பண்ணப் போறே?" என்றார் மேனேஜர். சென்னைக்காரர், நல்ல மனுஷன்.

"வாட்டர் ஹீட்டர் வேலை சார். புதுசு மாட்டுறது, ரிப்பேர், எல்லாம்."

அவர் அக்கவுண்டன்டைப் பார்த்தார். அக்கவுண்டன்ட் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயிலில் கார்கள் பளபளத்துக்கொண்டிருந்தன.

"ஜூன் மாசத்துலயா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்தக் குறையைக் கவலைப்பட்டே ஈடுகட்டி வந்தேன். கார்டில் 'ஹீட்டிங் இன்ஜினியர்' என்று அச்சடித்துவிட்டு, போலீஸ் வந்து சர்டிஃபிகேட் கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டிருக்கிறேன். ஏணி வழுக்குவதைப் பற்றி, எலிமென்ட் வெடிப்பதைப் பற்றி, என் இந்தியைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டிருக்கிறேன். மாசத்தை மட்டும் விட்டுவிட்டேன். கம்பெனியில் நான்கு குளிர்காலம் ஹீட்டர், ஹீட்டர் என்று போன் அடித்துக்கொண்டே இருந்ததல்லவா, அந்த நினைப்பு.

ராஜினாமாவைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை. லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. என் கஃபீல், அதாவது யார் பெயரில் லைசென்ஸும் என் விசாவும் இருக்கிறதோ அந்த அரபி, வருஷத்துக்கு ஆறாயிரம் திர்ஹம் கேட்டிருந்தார். பாதி கொடுத்துவிட்டேன். மீதி மூவாயிரம் ஜூலை கடைசிக்குள் தரவேண்டும். தராவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

நான் தங்கியிருந்த ரோலா ஏரியா ரூமில் என் ரூம்மேட் ஏ.சி. மெக்கானிக். முட்டம் பக்கத்துக்காரன். அவனுக்கு அப்போது மூச்சு விட நேரமில்லை, எனக்கு மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலையில்லை.

"லே மக்கா, நீ சூரியன்கூடயாலே போட்டி போடுத? அவன் மொட்டைமாடி டேங்கைச் சும்மாவே காய்ச்சிக் குடுக்கான். உனக்கு எவம்லே காசு தருவான்?"

"டிசம்பர்ல தருவான்."

"டிசம்பர்ல நீ ஊர்ல மீனு விப்ப."

கார்டை குரோசரி குரோசரியாகக் கொண்டுபோய் வைத்தேன். மூன்று வாரம் போன் அடிக்கவில்லை. போனில்தான் கோளாறோ என்று ரூம்மேட் போனிலிருந்து நானே அடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது.

நாலாவது வாரம் ஒரு தமிழ் அம்மா கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு மாசம்தான் ஆகிறது, கணவருக்கு பேங்கில் வேலை, கைக்குழந்தை. போனதும் பாத்ரூமைக் காட்டினார்.

"பாருங்க தம்பி, நீலக் குழாயில கொதிக்கிற தண்ணி வருது, சிவப்புக் குழாயில பச்சத்தண்ணி வருது. யாரோ பைப்பை மாத்திப் போட்டுட்டாங்க. குழந்தையைக் குளிக்க வைக்க முடியலீங்க."

ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பைப் சரியாகத்தான் இருந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அவர் கணவர் ஹீட்டரை அணைத்து வைத்திருக்கிறார். மாடி டேங்கிலிருந்து நேராக வரும் தண்ணீர் கொதிக்கிறது. ஹீட்டருக்குள் போய்க் கிடக்கும் தண்ணீரோ வீட்டு ஏ.சி.யில் ஆறிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஏணியில் நின்றபடியே ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு தட்டு தட்டிட்டு, பைப்பை மாத்தியாச்சுன்னு சொல்லி நூறு வாங்கிட்டு வால."

பொய் சொல்லக் கூடாதென்று எனக்குக் கொள்கையெல்லாம் கிடையாது. தைரியம்தான் கிடையாது. கீழே இறங்கி உள்ளதைச் சொல்லிவிட்டேன். "ஒரு ரிப்பேரும் இல்லக்கா. செப்டம்பர் வரைக்கும் ஹீட்டரைப் போடாதீங்க. சிவப்புக் குழாயில குளிங்க."

"அப்போ இந்த ஊர்ல ஹீட்டர்தான் ஃப்ரிட்ஜுங்களா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஏணியை மடக்கினேன். கூலி கேட்க வாய் வராமல் வாசல் வரை வந்துவிட்டேன்.

"தம்பி, இருங்க. இந்த ஹீட்டர் ஐம்பது லிட்டர்தானுங்களே, ஒருத்தர் குளிச்சா காலி. பக்கத்துல பெருசா இன்னொன்னு மாட்ட முடியுமா?"

"மாட்டலாம்க்கா. கரண்ட் கனெக்‌ஷன்?"

"அது எதுக்கு?"

ஹார்ட்வேர் கடைக்காரரான பட்டாணியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாய், இந்த கர்மியில ஹீட்டரா? தபியத் டீக் ஹை?" என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். குளிர்காலச் சரக்கு தூசி பிடித்துக் கிடந்ததால் பாதி விலைக்குத் தந்தார். அந்த அக்கா மேல் ஃப்ளாட்டில் சொல்ல, அவர்கள் எதிர் ஃப்ளாட்டில் சொல்ல, ஜூலை முடிவதற்குள் அந்த பில்டிங்கில் ஏழு ஹீட்டர் மாட்டினேன். ஒன்றுக்கும் ஒயர் இழுக்கவில்லை. ஹீட்டிங் இன்ஜினியராக என் முதல் சீசன் வீடு வீடாகப் பச்சத்தண்ணி கொடுத்ததில் போனது.

அப்படியும், கடைசிச் சம்பள மிச்சத்தையும் சேர்த்து, ஜூலை கடைசி நாளில் கையில் இரண்டாயிரத்து ஐநூறுதான் இருந்தது. ஐநூறு குறைகிறது. கவரில் போட்டுக்கொண்டு கஃபீல் வீட்டுக்குப் போனேன். அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஷுகல் மாஃபி?" வேலை இல்லையா என்கிறார்.

தெரிந்த அரபி வார்த்தைகளையெல்லாம் திரட்டினேன். "ஷுகல் ஃபீ, அர்பாப். ஹீட்டர். கரண்ட் மாஃபி. மோயா பாரித்." வேலை இருக்கு முதலாளி, கரண்ட் இல்லை, தண்ணீர் குளிர்ச்சி.

கவரை மூடி ஓரமாக வைத்தார். விசா போச்சு என்றே நினைத்தேன். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். எழுந்து, என் தோளைப் பிடித்து, தன் அம்மாவின் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார். கிழவி வெந்நீரில் குளிக்கமாட்டேன் என்று ஒரு வாரமாகச் சண்டையாம். அங்கே ஒன்று, அவர் பாத்ரூமில் ஒன்று, யல்லா, சீக்கிரம்.

மறுநாளே இரண்டையும் மாட்டினேன். சாமானும் கூலியும் சேர்த்து ஒன்று முந்நூற்றுப் பத்து, இரண்டும் அறுநூற்றிருபது. நான் தரவேண்டிய ஐநூறை அவரே பேனாவால் அடித்து, "கலாஸ்" என்றார், கணக்கு முடிந்ததாம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை லைசென்ஸ் புதுப்பிக்க அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். டீ குடித்திருக்கிறேன். மிச்சத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் கேட்டதே இல்லை. அவர் எனக்குத் தரவேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது: நூற்றிருபது திர்ஹம்.