பூஜ்யம் ரூபாய் டிக்கெட்

கடகொளாவைத் தாண்டும்போது வெயில் சாய்ந்திருந்தது. நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த பஸ்கள் என்னைக் கண்டதும் வேகம் குறைத்தன. கை காட்டாததால் போய்விட்டன. அவற்றில் ஏதோ ஒன்றில் என் மனைவியும் போயிருப்பாள். சட்டைப் பையில் காசு இல்லாமல் இல்லை. இதுவரை என் பஸ் செலவு, நான் சரக்கு போட்டுவந்த ஊதுபத்தி ஓனருடையது. இன்று மதியத்தோடு அது முடிந்தது. இனி என் டிக்கெட்டுக்கு என் கையிலிருந்து போடவேண்டும். அதற்கு நடந்துவிடலாம் என்று தோன்றியது. கோபம் என்று எதுவும் இல்லை. கால்தான் வலித்தது.

நான் கௌதள்ளிக்காரன், எல்லையில் கர்நாடகப் பக்கத்து ஊர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. குடகில் காப்பித் தோட்டம், திருப்பூரில் சாயப்பட்டறை, மறுபடி குடகு, அப்புறம் லாரியில் கிளீனர். எந்த வேலையிலும் முழுதாக ஒரு வருஷம் இருந்ததில்லை. யாரும் விரட்டியதும் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் வேறு எங்காவது போகவேண்டும் போலிருக்கும், போய்விடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு மைசூருக்கு வந்ததும் மனைவிக்கு ஓர் ஊதுபத்தி வீட்டில் பாக்கெட் போடும் வேலை கிடைத்தது. அதே ஓனர் எனக்கு லைன் கொடுத்தார். லைன் என்றால் இதுதான்: காலையில் இரண்டு பையில் சரக்கை அடைத்துக்கொண்டு பஸ் ஏறி, சாமராஜநகர் வரை போய், வழியில் உள்ள சின்னக் கடைகளுக்கெல்லாம் போட்டு, பழைய பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்புவது. ஊர் சுற்றுகிறவனுக்குச் சம்பளமும் கொடுத்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்த வேலை. அதில்தான் நின்றேன்.

பட்ஜெட் என்பதை அதுவரை நான் டீக்கடை டிவியில்தான் பார்த்திருந்தேன். வரி என்றால் கடை வைத்திருக்கிறவன் கவலை. பெண்களுக்கு பஸ் இலவசம் என்று சொன்னபோது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்காமல் போனது, அவ்வளவுதான். பிறகு டிக்கெட் விலையை ஏற்றினார்கள். ஓனர் ஒரு மாதச் செலவைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். உன் மேல் குறை இல்லை. ஆனால் உன்னை பஸ்ஸில் அனுப்பினால் காசு, பாக்கெட் போடும் பெண்களில் ஒருத்தியை அனுப்பினால் காசே இல்லை. மிச்சமாகும் பணத்தில் பாதியை அவள் கூலியில் ஏற்றலாம், பாதி எனக்கு என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உன் மனைவிக்கே தருகிறேன், ஆனால் அவளிடம் கர்நாடக விலாசம் போட்ட ஆதார் இல்லையே என்றார். அது உண்மை. அவள் ஊர் எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. அம்மா வீட்டு ரேஷன் கார்டில் அவள் பெயர் இருந்தால் அரிசி கூடுதலாகக் கிடைக்கும் என்று கல்யாணத்துக்குப் பிறகும் எதையும் மாற்றாமல் விட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான், ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. பஸ் இலவசமோ இந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். தசராவுக்குள் விலாசம் மாறினால் லைன் அவளுக்கு, இல்லையென்றால் கூட வேலை செய்யும் இன்னொருத்திக்கு என்றார். அவள் மைசூரிலேயே பிறந்தவள், இந்த ஊர் ஆதார் கையில் இருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"லைன் நம்ம ஊட்டுக்குள்ளயே இருக்கட்டுமுங்க. பைய நீங்க தூக்குனா என்ன, நான் தூக்குனா என்ன."

"அப்ப நான்?"

"உங்களுக்கு வேலையா கெடைக்காது? நீங்க உட்டுட்டு வந்த வேலையே இருபது இருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

அதன் பிறகு விலாசத்துக்காக அலைந்தது முழுக்க நான்தான். அவள் லீவு போட்டால் கூலி போகும், நானோ லைனை முடித்துவிட்டு மத்தியானமே வந்துவிடலாம். வீட்டுக்காரரிடம் வாடகைப் பத்திரம் கேட்டேன். எழுத்தில் கொடுத்தால் வீட்டு வரியை ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, சாமி மேல் சத்தியம் வேண்டுமானால் செய்கிறேன், பத்திரம் தரமாட்டேன் என்றார். அரசு அதிகாரி கையெழுத்து இருந்தாலும் போதும் என்றார்கள்; கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் விலாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமியார் போனில் அழுதாள், ரேஷன் கார்டிலிருந்து மகள் பெயரை அடித்துவிடுவார்களோ என்று. ஒரு தடவை மனு திரும்பி வந்தது. மறுபடி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் எதற்காக வந்தாய் என்று கேட்டான். சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உன் வேலையைப் பிடுங்க நீயே வரிசையில் நிற்கிறாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வேலை அந்த இன்னொருத்தி வீட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

தசராவுக்கு விளக்கு கட்டத் தொடங்கிய வாரம் விலாசம் மாறியது.

கடைசியாக, நான் நடந்து வந்த அந்த நாள் காலையில் இருவரும் சேர்ந்து போனோம், கடைகளைக் காட்டிக்கொடுக்க. கண்டக்டர் அவள் ஆதாரைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் சைபர் என்று இருந்தது. தொலைத்துவிடாதே அம்மா, செக்கிங் வந்தால் என் தலைதான் உருளும், இந்தச் சீட்டுக்கான பணத்தை அரசாங்கம் எங்களுக்குத் தரவேண்டும் என்றார். அரசாங்கத்துக்கு அது எங்கிருந்து வரும் என்று யோசித்தேன். என் டிக்கெட்டிலிருந்து, டீசலிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கும் குவார்ட்டரிலிருந்து. அதன் விலையும் ஏறியிருந்தது. அதற்கு மேல் எனக்குக் கூட்டத் தெரியவில்லை. அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

சாமராஜநகரில் ஒரு பெட்டிக்கடை அக்கா எங்கள் கொள்ளேகால் பக்கத்துக்காரர், தமிழ் பேசுகிறவர். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன தம்பி, கவர்மெண்டு உன்னயப் பாதி வழியில எறக்கி உட்டுப்போட்டுதாக்கு."

"எறக்கியெல்லாம் உடலீங்க்கா," என்றாள் என் மனைவி. "எடம் மாறி உக்காந்திருக்கறோம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பழைய பாக்கியை மட்டும் அடுத்த வாரம் தருகிறேன் என்றார். என் மனைவி நகரவில்லை. பாதியாவது வாங்கிக்கொண்டுதான் அடுத்த கடைக்கு வந்தாள்.

நஞ்சன்கூட்டில் கடைசிக் கடை முடிந்ததும் பைகளை அவளிடம் கொடுத்தேன். நீ பஸ்ஸில் போ, நான் வருகிறேன் என்றேன். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மைசூர் வந்து சேர்ந்தபோது கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடத்துக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். லைனுக்குப் போகும்போது ஒடிந்துபோன ஊதுபத்திகளை அவருக்குக் கொடுப்பேன். நாற்றம் தெரியாமலிருக்க மேசை மேல் கொளுத்திவைப்பார். இன்று பை இல்லையா என்று கேட்டார். சொன்னேன். பஸ் இலவசம் ஆனதிலிருந்து பெண்கள் கூட்டம் தாங்கவில்லை, ஒரே ஆளாக உட்கார முடியவில்லை, காண்டிராக்டர் காலை ஷிப்டுக்கு ஆள் தேடுகிறார், வருகிறாயா என்றார். வருகிறேன் என்றேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். மனைவி காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுநாள் விடியும்போது மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் சிறுநீர் கழிக்கப் பணம் இல்லை, பெண்கள் எதற்குப் போனாலும் ஐந்து ரூபாய். காண்டிராக்டர் எனக்குச் சொன்ன விதி அது ஒன்றுதான். சாமராஜநகர் முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் மனைவி இரண்டு பைகளோடு வந்தாள். பைகளை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பினாள்.

"எவ்வளவுங்க?"

"அஞ்சு."

"ஆம்பளைங்களுக்கு?"

"ஒன்னுக்குப் போனா சும்மா."

அவள் மேசை மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தாள். பையிலிருந்து ஒடிந்த பத்தி நாலைந்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நாணயத்தை டப்பாவில் போட்டேன். அவளுக்குப் பின்னால் வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள்.