ஈரத்துணி கெடுக்காத மானிட்டர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மன்னிப்புக் கேட்பது அதற்கு மட்டும்தான்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் நான் அட்டெண்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளியூர், கரடியூர்ப் பக்கம் டிவி ரிப்பேர் செய்வேன். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம்: எந்தப் பொருள் கெட்டாலும் கடைசியாகத் தொட்டவன் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்து விழுந்தால் வேலை கிடையாது. சுவர்க்கடிகாரத்துக்காக நான் ஏற்கனவே ஒன்று போட்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் வந்த வருடம், மழைக்காலத்தில் ஒரு காலை, மானிட்டரில் படம் கிழிந்து சாய்ந்த கோடுகளாக ஓடியது. கண்ணாடியில் மூடுபனி படிவதால் தினமும் அதைத் துடைப்பவன் நான். ஆபீசை நடத்தும் ரைட்டர் ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

“ஈரத்துணியில தொடச்சுத் தொடச்சே கொன்னுபோட்டியேப்பா. போடு கையெழுத்த.”

யாரிடமும் நிமிர்ந்து பேசாதவன் நான். அன்றைக்கு, “போட மாட்டேனுங்க. டிவி ரிப்பேர் பண்றவன் நான், பொட்டி கெடலீங்க” என்றேன்.

பழுது பார்க்கச் சேலத்திலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். “அண்ணே, இது டிவிப்பொட்டி இல்லீங்கண்ணே.”

“எதுவானாலும் பொட்டிதானுங்க. போட்டதும் மொதல்ல வர்ற எழுத்து தெளிவாத்தான இருக்குது? பொட்டி கெட்டிருந்தா அதுவும் வராதுங்களே. அப்புறந்தான் உள்ள இருந்து யாரோ இதால முடியாத வேலையக் கேக்கறாங்க.”

சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டரைச் சின்ன அளவுப் படத்தில் திறந்தார். கோடு ஒன்றுகூட இல்லை. யாரோ பட அளவை ஏற்றி வைத்திருக்கிறார்கள், அதற்கு இந்த மானிட்டர் ஈடுகொடுக்காது என்றார்.

ரைட்டர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “ஆள் பட்டியல் முழுசும் ஒரே பக்கத்துல தெரியட்டும்னு நேத்து நாந்தான் மாத்துனேன்.”

“இனிமே மாத்தாதீங்க சார்” என்று கம்ப்யூட்டர்காரர் பையை எடுத்தார்.

நான் கதவை மறித்து நின்றேன். “அது பத்தாதுங்க. முடியாத அளவு உள்ள இருக்கற வரைக்கும் இன்னொரு நாள் யாராச்சும் அமுக்குவாங்க. அப்பவும் துணி என் கையிலதான இருக்கும்?”

அவர் மறுபடி உட்கார்ந்தார். படத்தை ஓட்டும் டிரைவர் என்ற புரோகிராமின் ஃபைலைத் திறந்து, இந்த மானிட்டருக்கு ஆகாத அளவுகளை வரிவரியாக அழித்தார். அணைத்துப் போட்டுக் காட்டினார். இரண்டு அளவுகள் மட்டும் மிஞ்சின.

ரெஜிஸ்டரை நான் ரைட்டர் பக்கம் தள்ளினேன். வழக்கப்படி பார்த்தால் அவர்தானே போட வேண்டும்? அவர் போடவில்லை. நானும் போடவில்லை. ‘மானிட்டர்’ என்ற சொல்லுக்கு எதிரே அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. இன்று காலையும் அதே மானிட்டரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

12 ஆகஸ்ட் 1998