வாயா, நானா

தேங்காய்க் களத்தை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம் நடந்திருப்பேன். கோயமுத்தூர் பஸ் பிடிக்கும் பெரிய சாலைக்கு இன்னும் ஒரு தென்னந்தோப்பைத் தாண்ட வேண்டும். தோளில் ஒரு பை, பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. அடுத்து எங்கே போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்வி. அதுவும் சரிப்படாவிட்டால் ரயில் இருக்கிறது. ரயில் ஏறிவிட்டால் எனக்கு எந்த ஊரும் ஊர்தான். வீட்டுக்குப் போகும் எண்ணம் மட்டும் இல்லை.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. கிணத்துக்கடவுக் களத்தில் என்னோடு தேங்காய் உரிக்கும் ஒடிசாக்காரர் மூச்சிரைக்க மிதித்து வந்தார். நான் மறந்துவிட்டு வந்த போன் சார்ஜரை நீட்டினார்.

"அண்ணா, நீ ஏன் போறே?"

"வேலை இல்லைன்னு சொல்லிப்போட்டாங்கப்பா. களத்துக்காரம்மா ஒரு பத்து நாள் ஊட்டுப் பக்கம் போயிட்டு வரச் சொல்லுச்சு."

"வேலை இருக்கு. நாளைக்கு ரெண்டு லாரி காய் வருது."

"அப்ப எதுக்கு என்னைய அனுப்பறாங்க?"

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். நிதானமாக என்னைப் பார்த்தார். தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார்.

"அண்ணா, நீ நல்ல ஆளு. வாய் நாத்தம். ரொம்ப நாத்தம்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. மூன்று வருடமாக லாரிக்காரர்களிடமும் டீக்கடையிலும் தமிழ் கற்றுக்கொண்டவர். சொல்லைக் கற்றுக்கொண்டாரே தவிர, அதன் மேல் நாங்கள் சுற்றி வைக்கும் துணியை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

நான் உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் கடந்த ஒரு வருடம் முழுவதும் வரிசையாக நினைவுக்கு வந்தது.

களத்தில் என்னை முதலில் உரிக்கும் இடத்தில்தான் விட்டார்கள். நாலாம் நாள் களத்துக்காரம்மா வந்து, "ஏனுங்க தம்பி, உங்களாட்டம் பொறுப்பான ஆளு கொப்பரை காயற எடத்துல இருந்தாத்தானுங்க நல்லது" என்றார். கொப்பரைக் களம் தள்ளி இருந்தது. எட்டாம் நாள், "காத்தாட இருக்கற வேலையா உங்களுக்குக் குடுக்கலாமுன்னு இருக்கறனுங்க" என்று இன்னும் தள்ளி, வேலியோரம் மட்டை குவிக்கும் இடத்தில் விட்டார். பேச்சுத் துணைக்கு அங்கே ஒரு மாடுதான் இருந்தது. நான் அதை எல்லாம் பதவி உயர்வு என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாடும் கயிறு எட்டும் வரை தள்ளித்தான் நின்றது.

டீக்கடையில் என்னைக் கண்டதும் ஒருவர் எழுந்து, "நீங்க உக்காருங்க, நான் சித்த அக்கட்டால நிக்கறனுங்க" என்பார். எனக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைத்தேன். களத்துக்காரம்மா சாப்பாட்டுக்குப் பிறகு நாலு கிராம்பு கொடுப்பார். எனக்கு மட்டும்தான் கொடுப்பார். பாசம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் மனம் நோகாமல் ஒன்றைச் சொல்வதற்கு ஆயிரம் வழி உண்டு. ஆயிரம் வழியிலும் சொல்லிவிட்டார்கள். கேட்கிறவனுக்குத்தான் விளங்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். களம் இல்லாவிட்டால் இன்னொரு களம். எனக்கு உறைத்தது வேறு விஷயம்.

தொண்டாமுத்தூரில் லைன் வீட்டில் இருக்கும் என் மனைவி ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துத்தான் படுத்தாள். பிறகு பாயை ஜன்னலோரம் தள்ளிப் போட்டாள். நான் பேச ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். எட்டாவதோடு படிப்பை விட்டவன், ஒரு வேலையில் ஆறு மாதம் தங்காதவன், போர்வெல் வண்டி, லாரி கிளீனர், செங்கல் சூளை என்று சுற்றியவன். இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டது சலித்துப்போயிருக்கும் என்று நானே முடிவு செய்தேன். கேட்கவில்லை. போன மாதம், கிணத்துக்கடவில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். அவளும் "போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது இந்த ஒடிசாக்காரர் வந்து புதிதாக ஒரு கதவைத் திறந்துவிட்டார். அவள் திரும்பிப் படுத்தது என் வாயாலா, என்னாலா? வாய் என்றால் சரிசெய்துகொள்ளலாம். நான்தான் காரணம் என்றால் திருப்பூர். எதுவானாலும் முதலில் வாயைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

கோயமுத்தூர் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி ஆர்.எஸ்.புரம் வரை நடந்தேன். அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியின் போர்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பல் சிரித்துக்கொண்டிருக்கும். தொண்டாமுத்தூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்கே ஏன் வாய் வரைந்தார்கள் என்று யோசித்ததும் உண்டு. உள்ளே போக வேண்டியிருக்கும் என்று மட்டும் யோசித்ததில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். ஏற்கெனவே முகமூடி போட்டிருந்தார். நான் வாயைத் திறந்ததும் அதன் மேல் இன்னொன்று போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளாங்க இப்படி?"

"இன்னைக்குக் காலைலதானுங்க தெரியும்."

"வலிக்கலைங்களா?"

"போன வருசம் வலிச்சுதுங்க. கன்னமெல்லாம் வீங்கிப் போச்சு. பொறவு தானா நின்னுபோச்சு. பல்லு சரியாயிருச்சுன்னு விட்டுட்டனுங்க."

"சரியாகலைங்க. பல்லு செத்துப்போச்சு. செத்ததுக்கு வலி தெரியாது, அவ்வளவுதான். அடியில சீழ் இருக்குது. ஈறெல்லாம் காரை, கல்லாட்டம் படிஞ்சிருக்குது. தினம் பல்லு வெளக்கறீங்கல்ல?"

"காலைல வெளக்காம டீ குடிக்க மாட்டனுங்க."

"ராத்திரி?"

ராத்திரி எதற்குப் பல் விளக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. தூங்கப்போகிற வாய்க்கு அலங்காரம் எதற்கு? ராத்திரி தின்றது விடியும் வரை பல்லிடுக்கில் ஊறுகிறது என்று அவர் சொன்னார். நாக்கு வழிப்பீர்களா என்று கேட்டார். அதற்கும் முழித்தேன்.

"ஊட்டுல யாரும் சொல்லலைங்களா?"

"கொங்கு ஊடுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முகமூடிக்குள் சிரித்தாலும் தோள் குலுங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க மாமனாருக்கும் இதே கதைதானுங்க. ரெண்டு வருசமாச்சு. நான் டாக்டர். எனக்கே சொல்ல வாய் வரலை. போறப்பெல்லாம் ஒரு பேஸ்ட் வாங்கிட்டுப் போறேன். அவரு அதை எல்லாம் பீரோவுல அடுக்கி வெச்சிருக்காரு. மருமக வாங்கித் தந்ததுன்னு வர்றவங்ககிட்ட எடுத்துக் காட்டறாரு" என்றார்.

அப்படிச் சொல்லிக்கொண்டே ஊசி போட்டு, அந்தச் செத்த பல்லைப் பிடுங்கி எடுத்தார். கறுத்து, அடியில் பை மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டு இருந்தது. பத்து நாள் கழித்து வந்து காரையையும் சுரண்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். "முக்கால் மணி நேரம் வாயைத் தொறக்கக் கூடாது. பேசக் கூடாது. இன்னைக்குப் பூரா துப்பக் கூடாது, ஊதக் கூடாது. வெளிய உக்காருங்க."

வெளியே உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது. மனைவி. நான் களத்துக்குப் போனதிலிருந்து அவளாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க மாமா, களத்துக்காரம்மா போன் பண்ணுனாங்க. நீங்க கெளம்பிட்டீங்களாமா. எங்க இருக்கறீங்க?"

"ம்ம்."

"பஸ்ஸுல இருக்கறீங்களா?"

"ம்ஹூம்."

"கோவமா?"

"ம்ஹூம்."

"அந்த ம்ஹூமே கோவமாத்தான் இருக்குது." அவள் வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணையில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "சரி, நீங்க பேச வேண்டாம். நானே சொல்லிப்போடறேன். நேர்ல வந்துட்டீங்கன்னா எனக்கு வராது. மாமா, உங்க வாய் நாறுது. ஒரு வருசமா நாறுது. இந்தா, சொல்லிட்டேன்."

பின்னால் கேட்ட சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. மொத்தப் பண்ணையும் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பாயை ஜன்னலோரம் போட்டது அதுக்குத்தான். தெனமும் புதினாச் சட்னி அரைச்சதும் அதுக்குத்தான். நீங்க என்னடான்னா நல்லாருக்குதுன்னு நாலு இட்லி சேத்தித் தின்னீங்க. கொய்யா எலையக் கொதிக்க வெச்சுக் குடுத்தேன். அதுல சக்கரை போட்டுக் குடிச்சுப்போட்டுப் போனீங்க. நான் வேற என்னதான் செய்யறது?"

நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைவாயில் எச்சில் சேர்ந்தது. துப்பவும் முடியாது.

"வாய் பாதிதான் மாமா. இன்னொரு பாதியும் இருக்குது, அதையுஞ் சொல்லிப்போடறேன். ஒரு மனுசன் நெனச்சப்பெல்லாம் பையை எடுத்துட்டுப் போனா, ஊட்டுல இருக்கறவ என்ன நெனைப்பா? வேலை இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. போயிட்டு வாங்கன்னு நான் சொன்னேன். அன்னைக்கு நம்ம ஊட்டுல நெசத்தைச் சொன்ன ஆளே கெடையாது. இப்பக் கேக்கறேன். வாரீங்களா, மாட்டீங்களா?"

"ம்ம்."

"எந்த ம்ம்? வாரேங்கற ம்ம்மா, போடீங்கற ம்ம்மா?"

"ம்ம்ம்ம்!"

எதிரே மேசையில் பேர் எழுதும் பெண் என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது என்று நினைக்கிறேன். மரத்துப்போன தாடைக்கும் வரும் அது. எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க அக்கா, பல் ஆஸ்பத்திரில இருந்து பேசறனுங்க. இவருக்குப் பல்லு புடுங்கியிருக்குதுங்க. பஞ்சு வெச்சிருக்கறதால பேசக் கூடாதுங்க... ஆமாங்க, அவரா வந்ததுதானுங்க... எல்லாங் கேட்டுட்டாருங்களான்னா?" என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "கேட்டுட்டாருங்க அக்கா. வாராராமான்னா?" மறுபடி பார்த்தாள். "பலமா ஆட்டறாருங்க. பஞ்சு உளுந்துரும்போல இருக்குது. நான் வெக்கறனுங்க."

மாலை பஸ்ஸில் தொண்டாமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது, தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து ஆற வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் போன் டார்ச்சைப் போட்டு, "தொறங்க பாக்கலாம்" என்றாள். திறந்தேன். வண்டி என்ஜினில் எண்ணெய் பார்ப்பது போல எட்டிப் பார்த்தாள்.

"ஊதுங்க."

"ஊதக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்பச் சும்மா கிட்ட வாங்க."

போனேன். அவள் பின்வாங்கவில்லை. "ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது. காரை எடுத்தாத்தான் முழுசாப் போகும். பொறுத்துக்கறேன்" என்றாள்.

டாக்டரம்மா கொடுத்த சின்ன பிரஷையும் நாக்கு வழிக்கும் தகட்டையும் எடுத்து ஜன்னல் மேல் வைத்தேன். காலையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததற்குப் பஞ்சோடு பஞ்சாகப் பதில் கிடைத்துவிட்டது. பாதி வாய், பாதி நான். முதல் பாதிக்கு மருந்து வாங்கியாகிவிட்டது. மீதிப் பாதியைப் பற்றி நான்தான் பேச வேண்டும். "போறதா இருந்தா இனி என்னன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றேன். அவள் சோற்றைக் கிண்டிக்கொண்டே, "போகாம இருந்தாலும் ஒண்ணும் கொறைஞ்சு போகாது" என்றாள். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "எங்கிட்டயும் ஏதாவது கொறை இருந்தாச் சொல்லுங்க. நான் மட்டும் சொல்லிட்டு நிக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாள்.

நான் யோசித்தேன். உண்மை பேசும் நாள் என்று தைரியம் வந்துவிட்டது.

"நீ கொறட்டை விடறே."

"யாரு? நானா?"

"போர்வெல் வண்டி பாறையில எறங்கற மாதிரி."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். களத்துக்காரம்மா கிராம்பு கொடுத்தது போல இதையும் சாடையாகவே சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. "நாம மறுக்கா பழைய மாதிரியே இருந்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, அவளே முதலில் சிரித்தாள். அன்றைக்கு அதற்கு மேல் உண்மை வேண்டாம் என்று இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. படுக்கப் போகும் முன் அவள் முன்னாலேயே பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷால் பல் விளக்கினேன், பிடுங்கிய பக்கம் படாமல், பூனை நடக்கிற மாதிரி.

மறுநாள் காலை அவளோடு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பெண்களும் வேலையைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர்கூட வாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்க வாங்க, ஒடம்பு சௌரியமுங்களா" என்று மட்டும் விசாரித்தார்கள். பாக்கு நாற்றுக்குப் பை நிரப்ப ஆள் குறைவாக இருக்கிறது என்றார் பண்ணைக்காரர். அந்த வேலையை இரண்டு இரண்டு பேராகத்தான் செய்வார்கள். ஒருவர் பையை விரித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மண்ணும் எருவும் அள்ளிப் போட வேண்டும். ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது, முகத்துக்கு நேர் முகம், சாயங்காலம் வரைக்கும். என் மனைவி ஒரு பையை உதறி விரித்து, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் மண் அள்ள ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தேன்.